ரேகை பதித்த விரல்களும் சட்டம் எழுதிய கைகளும்

மனித உரிமைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பெரிய நகரங்களையும் பெரிய மன்றங்களையும் எண்ணிக்கொள்கிறோம். பாரீசும் ஜெனீவாவும் புது தில்லியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆண்டிபட்டிக் கணவாயும், உசிலம்பட்டிச் சீமையும், முல்லைப் பெரியாறு பாய்ந்தோடும் கம்பம் பள்ளத்தாக்கும் வருவதில்லை. ஆயினும் ஒரு சட்டம் மனிதனை என்ன செய்யும் என்பதையும், அச்சட்டத்தை மாற்ற அம்மனிதன் என்ன பாடுபட வேண்டும் என்பதையும் இம்மண்ணைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் இடங்கள் மிகச் சிலவே.

இங்கே ஒரு காலத்தில் 'ரேகைச் சட்டம்' என்றொரு சட்டம் இருந்தது. அரசு ஏட்டில் அதற்குக் 'குற்றப் பரம்பரைச் சட்டம்' என்று பெயர். இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தகும். அரசு இட்ட பெயர் மக்களைப் பற்றிய தீர்ப்பாக இருக்கிறது. மக்கள் இட்ட பெயரோ தமக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறது: விரலைப் பிடித்தார்கள், மை தடவினார்கள், தாளில் அழுத்தினார்கள். எழுதியவன் கண்ட சட்டம் ஒன்று. அனுபவித்தவன் கண்ட சட்டம் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம். ஒரு சட்டத்தால் துன்புற்றவர்கள், அத்துன்பத்தை நீக்கும் சட்டத்தை ஆக்குவதில் பங்கு பெற வேண்டுமா? பெற்றால் என்ன விளைகிறது, பெறாவிட்டால் என்ன விளைகிறது?

கேளாமல் எழுதிய சட்டம்

குற்றப் பரம்பரைச் சட்டம் முதன்முதலாக 1871ஆம் ஆண்டு வட இந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்டது. அதை முன்மொழிந்தவர்களின் வாதம் எளிமையானது. இந்நாட்டில் தொழில்கள் குலவழியாக வருகின்றன. தச்சன் மகன் தச்சனாகிறான், நெசவாளன் மகன் நெசவாளனாகிறான். ஆகவே குற்றமும் சிலருக்குக் குலத்தொழிலாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். ஏடுகளையும் அதிகாரிகளின் அறிக்கைகளையும் கொண்டு கட்டப்பட்ட வாதம் இது. யாரைப் பற்றி இவ்வாறு சொல்லப்பட்டதோ, அவர்களுள் ஒருவரும் அந்த மன்றத்தில் இல்லை.

1911இல் இச்சட்டம் விரிவுபடுத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1924இல் மீண்டும் தொகுத்து இயற்றப்பட்டது. அதன் இயக்கம் இதுதான்: ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என்று மாகாண அரசு அரசிதழில் அறிவிக்கும். உடனே அவர்களுக்கெனப் பதிவேடு திறக்கப்படும். பதிவு பெற்றவர் கைரேகை தர வேண்டும்; குறித்த வேளைகளில் காவலர்முன் வந்து நிற்க வேண்டும்; இருப்பிடம் மாறினால் அறிவிக்க வேண்டும். ஒரு கூட்டத்தாரையே குடியமர்வு முகாம்களில் அடைத்து வைக்கவும், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, அரசின் அறிவிப்புச் சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்கலாகாது என்று சட்டமே தடுத்தது.

இதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். களவு செய்து பிடிபட்டவன் நீதிமன்றம் சென்று வழக்காடலாம், தனக்காக வழக்கறிஞரை அமர்த்தலாம், விடுதலையும் பெறலாம். ஆனால் ஒரு குற்றமும் செய்யாமல், குறிப்பிட்ட ஒரு குலத்தில் பிறந்த காரணத்தால் மட்டும் பதிவேட்டில் ஏறியவனுக்கு அவ்வழி இல்லை. குற்றவாளிக்கு இருந்த உரிமை குற்றமற்றவனுக்கு இல்லாமற் போயிற்று.

பள்ளத்தாக்கிற்கு வந்த பதிவேடு

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டியைச் சூழ்ந்த நாட்டில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர்கள் வானம் பார்த்த பூமியில் உழுதவர்கள். ஊர்க்காவல் அவர்களுடைய பழைய உரிமையாக இருந்தது. ஊரையும் பயிரையும் காத்து, அதற்குரிய கூலியைத் தானியமாகவோ பணமாகவோ பெற்றார்கள். மாடு களவுபோனால் துப்புக்கூலி பெற்று மீட்டுத் தருவதும் இருந்தது. காவலும் களவும் சில இடங்களில் ஒன்றோடொன்று கலந்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1896இல் திண்டுக்கல் பகுதியில் தொடங்கிய ஓர் இயக்கம் கள்ளர் காவலை ஒழித்து, ஊராரே 'பண்டு' சேர்த்துத் தமக்குக் காவல் அமைத்துக்கொள்ள முயன்றது. அது மதுரை மாவட்டத்தின் வேறு ஊர்களுக்கும் பரவியது. காவற்கூலி கொடுத்துச் சலித்த குடியானவர்களின் மனக்குறை அதில் ஒலித்தது. அதுவும் ஓர் அனுபவமே. அதையும் கேட்டாக வேண்டும்.

1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே அரபிக்கடல் நோக்கிச் சென்ற நீர் கிழக்கே திரும்பியது. கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வரை நன்செய் பெருகிற்று. வறண்ட நாட்டிலிருந்து கணவாய் கடந்து வந்து, இப்பள்ளத்தாக்கில் குடியேறி உழவைத் தேடிய கள்ளர் குடும்பங்கள் பல. ஏர் பிடிக்க வந்தவர்களைத் தேடிப் பதிவேடும் பின்னாலேயே வந்தது. 1914இல் மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடியில் தொடங்கிய பதிவு, சில ஆண்டுகளுக்குள் பிரமலைக் கள்ளர் வாழ்ந்த ஊர்கள் அனைத்தையும் வளைத்துக்கொண்டது.

பதிவு பெற்ற ஆண்கள் இரவு நேரத்தில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ முகம் காட்ட வேண்டியதாயிற்று. இரவு பதினொரு மணிக்கு ஒரு முறை, விடியுமுன் மூன்று மணிக்கு ஒரு முறை என்று பேர் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டிற்குச் சென்று திரும்புவதைவிட அங்கேயே படுத்துக்கொள்வது மேல் என்றாயிற்று. வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' வேண்டும். சீட்டின்றிச் சென்றால் அதுவே குற்றம்.

சட்டத்தை எழுதியவர்களுக்கு இது கண்காணிப்பு மட்டுமே. அனுபவித்தவர்களுக்கோ அது வாழ்வின் ஒவ்வொரு மூலையிலும் புகுந்தது. பள்ளத்தாக்கில் முறை வைத்துத் தண்ணீர் பாயும்போது இரவில் மடை திறக்க வேண்டியவன் சாவடியில் படுத்திருந்தால் வயலுக்கு நீர் பாய்ச்சுவது யார்? நோயுற்ற தாயை வைத்தியரிடம் கொண்டுபோக நேர்ந்தால் சீட்டு எழுதித் தருபவரை நள்ளிரவில் எங்கே தேடுவது? ஆண்கள் எல்லாரும் சாவடியில் கிடக்கும் இரவுகளில் வீட்டில் தனித்திருக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவல் யார்? இக்கேள்விகளுள் ஒன்றேனும் சட்டமன்ற விவாதத்தில் எழுந்திருக்க வழியில்லை. இவற்றைக் கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை.

துன்புற்றவருடைய அனுபவம் சட்டத்திற்குத் தரும் முதற்கொடை இதுதான். அதை இரக்கத்தைத் தூண்டும் கண்ணீர்க் கதையாக மட்டும் கொள்வது போதாது. அது ஓர் அறிவு. சட்டம் நள்ளிரவில் எப்படி நடக்கிறது என்பது சாவடியில் படுத்தவனுக்குத் தெரியும். சட்டம் எழுதியவனுக்குத் தெரியாது.

பெருங்காமநல்லூரும் ரோசாப்பூ துரையும்

அம்மக்கள் வாய் மூடி இருக்கவில்லை. தாங்கள் உழுது பிழைப்பவர்கள் என்றும், தம் ஊரைப் பதிவேட்டில் சேர்ப்பது நியாயமன்று என்றும் அரசுக்கு மனுக்கள் எழுதினார்கள். மனுக்கள் பலன் தரவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், பதிவு செய்ய வந்த அதிகாரிகளையும் காவலர்களையும் பெருங்காமநல்லூர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்று அவ்வூரில் நினைவுத்தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். பஞ்சாபில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. அமிர்தசரசை நாடு அறிந்தது. பெருங்காமநல்லூரை நம் மாவட்டங்களுக்கு வெளியே அறிந்தவர் இன்றும் சிலரே.

இந்த இருளில் ஒரு வழக்கறிஞரின் பெயர் மக்கள் நினைவில் மலர்ந்து நிற்கிறது. ஜார்ஜ் ஜோசப் 1887இல் செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர். எடின்பரோவில் மெய்யியலும் இலண்டனில் சட்டமும் பயின்றவர். மதுரையில் வழக்கறிஞராக அமர்ந்து, விடுதலைப் போராட்டத்திலும் ஆலைத் தொழிலாளர் சங்கப் பணியிலும் ஈடுபட்டு, 'யங் இந்தியா' இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றிருந்தவர். ரேகைச் சட்டத்தின்கீழ் வதைபட்ட கள்ளர்களுக்காக அவர் நீதிமன்றங்களில் வாதாடினார். அச்சட்டத்தைக் கண்டித்து இதழ்களில் எழுதினார். 'ரோசாப்பூ துரை' என்று அம்மக்கள் அவரை அன்போடு அழைத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயரிட்டார்கள். 1938இல் அவர் மறைந்தார். அவர் பெயர் இன்றும் மறையவில்லை.

ஜார்ஜ் ஜோசப் அக்குலத்தில் பிறந்தவர் அல்லர்; சாவடியில் ஓர் இரவும் படுத்தவர் அல்லர். எனினும் படுத்தவர்கள் சொன்னதைக் கேட்டார். அவர்கள் பேச்சைச் சட்டத்தின் மொழியில் எழுதிக் கொடுத்தார். துன்புற்றவர்களே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. கற்றவருக்கும் இதில் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் கேட்பவருடைய இடம். பிறருக்குப் பதிலாகப் பேசுவதற்குமுன் அவர்கள் பேசுவதைக் கேட்டு முடிப்பவருடைய இடம்.

நீங்கிய சட்டமும் நீங்காத நிழலும்

முதுகுளத்தூர்ப் பகுதியில் மறவர்களிடையே உ. முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகச் சென்று இச்சட்டத்திற்கு எதிராக மக்களைத் திரட்டினார். மாகாணமெங்கும் எதிர்ப்பு வலுத்தது. 1947இல் சென்னை மாகாணம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்கியது. நடுவணரசு 1949இல் அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்த பின், 1952 ஆகஸ்ட் 31 முதல் நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது. சீர்மரபினர் அந்நாளை இன்றும் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்று. ஆனால் 1948இலேயே சென்னை மாகாணத்தில் வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்துவிட்டது. பிற மாநிலங்களிலும் அத்தகைய சட்டங்கள் தோன்றின. குலத்தைச் சுட்டிய சொல் மறைந்து தனிமனிதனைச் சுட்டும் சொல் வந்தது. தண்டனை பெற்றவரையே இது குறிக்கும் என்பதால் ஒரு படி முன்னேற்றம்தான். ஆனால் பதிவு, வருகை காட்டல், நடமாட்டத் தடை என்ற பழைய கருவிகள் புதிய கைப்பிடியோடு தொடர்ந்தன. யார்மேல் காவலரின் கண் முதலில் விழும் என்பதும் பெரிதாக மாறவில்லை. 1998இல் மேற்கு வங்கத்தில் புதன் சபர் என்ற சீர்மரபுப் பழங்குடி இளைஞர் காவலில் உயிரிழந்தார். அதன்பின் எழுந்த முறையீடுகளைத் தொடர்ந்து, வழக்கக் குற்றவாளிச் சட்டங்களை நீக்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2000ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. 2024 அக்டோபர் 3ஆம் நாள்தான், சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் காட்டும் சிறைவிதிகளும் அரசமைப்புக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1952க்கும் 2024க்கும் இடையே எழுபத்திரண்டு ஆண்டுகள். சட்டத்தை நீக்குவதற்கும் அதன் நிழலை நீக்குவதற்கும் இடைப்பட்ட காலம் அது.

நிழல் ஏன் இத்தனை காலம் நின்றது? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம். பழைய சட்டத்தை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள், புதிய சட்டம் எழுதப்பட்ட மேசைக்கு அழைக்கப்படவில்லை. போராட்டம் அவர்களுடையதாக இருந்தது. வரைவு பிறருடையதாக இருந்தது. வலித்த இடம் எது என்று அறியாதவர் போட்ட கட்டு அந்த இடத்தையே இறுக்கியது.

மோசேயின் முன் நின்ற ஐவர்

எண்ணிக்கை நூலின் இருபத்தேழாம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. செலொபுகாது என்பவர் ஆண்மக்கள் இன்றி இறந்துபோகிறார். அவருடைய ஐந்து புதல்வியர் சந்திப்புக் கூடார வாயிலில் மோசேயின் முன்னும், குரு எலயாசரின் முன்னும், தலைவர்கள் அனைவர் முன்னும் வந்து நிற்கிறார்கள். மகன் இல்லை என்பதற்காகத் தம் தந்தையின் பெயர் குலத்திலிருந்து அழிந்துபோக வேண்டுமா என்று கேட்டுத் தமக்கும் உரிமைச்சொத்து வேண்டுகிறார்கள். மோசே உடனே விடை கூறவில்லை. இருந்த விதியை எடுத்து வாசித்துக் காட்டவுமில்லை. அவர்கள் வழக்கை ஆண்டவரிடம் கொண்டு செல்கிறார். அப்பெண்கள் சொல்வது சரியே என்று ஆண்டவர் தீர்ப்பளிக்கிறார். அது இஸ்ரயேலர் அனைவருக்கும் உரிய சட்டமாகிறது.

கடவுளிடமிருந்து சட்டத்தைப் பெற்ற மோசேக்கும் தெரியாத ஒன்று அந்த ஐந்து பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் இரந்து நிற்கவில்லை; சட்டத்தில் இருந்த ஓட்டையைச் சுட்டிக் காட்டினார்கள். அவர்களுடைய பெயர்கள் திருநூலில் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன: மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா. சாவடி இரவுகளைத் தனியே கழித்த நம் பள்ளத்தாக்குப் பெண்களின் பெயர்களோ எந்த ஏட்டிலும் இல்லை.

இடம் கேட்டவர்கள்

இந்நெறியை நம் நாட்டில் தெளிவாக எடுத்துரைத்தவர் டாக்டர் அம்பேத்கர். 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, தீண்டப்படாதோரின் கருத்தைப் பிறர் எடுத்துச் சொன்னால் போதாது, அவர்களே மன்றத்தில் அமர வேண்டும் என்று அவர் வாதிட்டார். பெருங்காமநல்லூரில் குண்டு பாய்வதற்கு ஓராண்டு முன் சொல்லப்பட்ட கருத்து இது. தமிழகத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலைகளும் கிணறுகளும் சாவடிகளும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்ற அரசாணைக்கு வழி வகுத்தார். தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும், அம்மரபில் வந்த தாய்க்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் நீண்ட காலம் போராடியதன் பயனாகப் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியதும் அதே ஆண்டில்தான்.

அரசமைப்பு அவையிலும் இதைக் காண்கிறோம். தீண்டாமையை ஒழிக்கும் பதினேழாம் பிரிவு உருவான அவையில், வரைவுக் குழுவின் தலைவராக அம்பேத்கரும், தலித் பெண்களுள் ஒரே உறுப்பினராகத் தாட்சாயணி வேலாயுதனும் அமர்ந்திருந்தார்கள். பழங்குடியினருக்கு மக்களாட்சியைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்தே பிறர் அதைக் கற்க வேண்டும் என்று ஜெய்பால் சிங் 1946 டிசம்பரில் அங்கே உரைத்தார். 1948இல் உலக மனித உரிமைப் பிரகடனம் வரையப்பட்டபோது, அதன் முதற்பிரிவில் ஆண்களை மட்டும் குறிப்பதாகக் கொள்ளத்தக்க சொல்லை மாற்றி, மனிதர் அனைவரையும் குறிக்கும் சொல்லை இடச் செய்தவர் நம் நாட்டு ஹன்சா மேத்தா. ஒரு சொல்தான். அச்சொல்லின் குறையை உணர அந்த மேசையில் ஒரு பெண் இருக்க வேண்டியிருந்தது.

திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் 1963இல் வெளியிட்ட 'அவனியில் அமைதி' சுற்றுமடல், காலத்தின் அடையாளங்களாகத் தொழிலாளர் எழுச்சியையும், பெண்கள் பொதுவாழ்வில் பங்கேற்பதையும், அடிமைப்பட்ட நாடுகள் விடுதலை பெறுவதையும் எடுத்துக் காட்டியது. தம்மைப் பற்றிப் பிறர் முடிவெடுத்துவந்த மூன்று வகையினர், இனித் தாமே முடிவெடுக்க முன்வருவதைத் திருச்சபை அன்றே கண்டுகொண்டது.

அண்மைக் காலத்தில் இது உலக நடைமுறையாகவும் வளர்ந்துள்ளது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் முதல் வரைவை 2004இல் தயாரித்த பணிக்குழுவில் 27 அரசுகளின் பிரதிநிதிகளோடு, மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் உள்ளிட்ட 12 தொண்டு அமைப்புகளின் பிரதிநிதிகளும் அமர்ந்தார்கள். எங்களை விடுத்து எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம் என்பது அவர்களது முழக்கம். 2006இல் ஏற்கப்பட்ட அவ்வுடன்படிக்கை, தம்மைப் பற்றிய சட்டங்களில் அவர்களைக் கலந்தாலோசிப்பதை அரசுகளின் கடமையாகவே ஆக்கிற்று. நம் நாட்டின் 2014ஆம் ஆண்டு தெருவோர வணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது இடங்களுக்குக் குறையாமல் வணிகர்களுக்கே ஒதுக்குகிறது.

நம் மாவட்டத்து மலைகளுக்கே திரும்புவோம். மேகமலையிலும் அதைச் சார்ந்த சரிவுகளிலும் பளியர் வாழ்கிறார்கள். அவர்களைப் போன்றோருக்காக 2006இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், காலங்காலமாக இழைக்கப்பட்ட அநீதியைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. யாருக்கு எந்த நிலத்தில் உரிமை என்று முதலில் ஆராயும் பொறுப்பைக் கிராம சபைக்குத் தருகிறது. முதியோர் வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் பதித்துச் சான்றாக ஏற்கலாம் என்கிறது அதன் விதி. ரேகைச் சட்டத்தின்முன் ஒரு முதியவரின் வாய்மொழிக்கு மதிப்பு இருந்ததில்லை. அவருடைய விரல் மட்டுமே தேவைப்பட்டது. இங்கே அவருடைய நினைவு சட்டத்தின் சான்றாகிறது. நடைமுறையில் இச்சட்டம் இன்னும் தவழ்கிறது என்பது உண்மை. என்றாலும் அது நடக்க வேண்டிய திசை சரியானது.

நெஞ்சைத் தொடும் வினா

இத்தனையும் சொன்னபின், எளிதில் விடை காண இயலாத ஒரு வினாவையும் எதிர்கொண்டாக வேண்டும். துன்புற்றவர் என்று நாம் சொல்வது யாரை? ஒரு மக்கள் கூட்டத்தின் அனுபவம் ஒரே குரலில் பேசுவதில்லை. சாவடியில் படுத்த ஆணுக்கு ஒரு கதை. வீட்டில் விழித்திருந்த பெண்ணுக்கு வேறொரு கதை. களவு கொடுத்த குடியானவனுக்கும் கதை உண்டு. மக்களின் பெயரால் மன்றம் ஏறுபவர், அம்மக்களுள் வலியோரின் கதையை மட்டும் கொண்டு செல்லக்கூடும்.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. ரேகைச் சட்டத்தால் வதைபட்ட அதே நிலப்பரப்பில், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் அங்கே முறையாகத் தேர்தல் நடத்த இயலவில்லை. 2006இல்தான் அது கைகூடியது. பிறப்பை வைத்து மனிதனை அளப்பதன் கொடுமையைத் தம் உடலில் அறிந்தவர்கள் வாழ்ந்த மண்ணிலேயே, பிறப்பை வைத்து இன்னொருவரின் நாற்காலி மறுக்கப்பட்டது. எந்தச் சமூகத்தையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. அவ்வாறு சாட்டுவது ரேகைச் சட்டத்தின் மனப்பான்மைக்கே திரும்புவதாகும். துன்பம் தானாக மனிதனை நீதிமான் ஆக்கிவிடுவதில்லை என்பதற்காகவே சொல்கிறோம். எகிப்தில் அடிமைகளாக இருந்ததை மறவாமல் அந்நியரை நேர்மையாய் நடத்துமாறு இஸ்ரயேலுக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியிருந்தது. தன் காயத்தைக் கொண்டு பிறர் காயத்தை அறிந்துகொள்வதும் ஒரு பயிற்சியே. ஆகவே மேசையில் ஒருவருக்கு இடம் தந்தவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. அவருக்குப் பின்னால் நிற்பவர் யார், இன்னும் வாயில்வரை வர இயலாதவர் யார் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வினா நம் வீட்டு வாயிலிலும் நிற்கிறது. குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்தப்பட்டோருக்கான குடியமர்வுகள் சிலவற்றை நடத்த அக்காலத்தில் இரட்சணிய சேனை போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் முன்வந்தன. நல்லெண்ணம் இருந்தது, பள்ளியும் தொழிலும் வந்தன. ஆனால் வேலிக்குள் இருந்தவர்களை, உங்களுக்கு இந்த வேலி வேண்டுமா என்று கேட்டவர் உண்டா? அன்பு செய்கிறோம் என்ற நிறைவிலேயே கேட்பதை மறந்துவிடும் சோதனை எல்லாச் சபைகளுக்கும் பொதுவானது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இழந்து நிற்கும் தலித் கிறிஸ்தவர்கள், அரசிடம் மட்டுமின்றித் திருச்சபையிடமும் நீதி கேட்கிறார்கள். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. கொள்கை ஏட்டில் இருக்கிறது. நம் பங்குப் பேரவைகளிலும், கல்லறைத் தோட்டக் குழுக்களிலும், பள்ளிகளின் நிருவாகத்திலும் அவர்களின் குரல் முடிவெடுக்கும் குரலாக இருக்கிறதா? 2021 முதல் 2024 வரை உலகத் திருச்சபை முழுவதும் கூட்டொருங்கியக்கம் பற்றிச் சிந்தித்தபோது மேலோங்கி நின்ற சொல் 'செவிமடுத்தல்' என்பதே. செவிமடுத்தபின் முடிவுகளிலும் அக்குரல் இடம் பெற வேண்டும். அல்லாவிடில் அதுவும் மனுவை வாங்கி வைத்துக்கொள்ளும் அலுவலகமாகிவிடும்.

இனிச் செய்யத்தக்கது

கம்பம் பள்ளத்தாக்கில் ரேகைச் சட்டத்தின் இரவுகளைக் குழந்தைகளாகக் கண்டவர்கள் இன்று தொண்ணூறு வயதை நெருங்கியவர்களோ கடந்தவர்களோ ஆவர். அவர்களுடைய நினைவுகள் அவர்களோடு மண்ணுக்குள் போய்விடாமல் எழுதி வைத்தல் நம் பள்ளி ஆசிரியர்களும் இளைஞர் இயக்கத்தினரும் மேற்கொள்ளத்தக்க பணி. குறிப்பாகப் பெண்களின் நினைவுகளைக் கேட்டு எழுத வேண்டும். வனத்தைப் பற்றியோ, ஏலத்தோட்டத் தொழிலாளரைப் பற்றியோ, சீர்மரபினரின் சான்றிதழைப் பற்றியோ நாளை ஒரு சட்டமோ விதியோ வரும்போது, அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல நாம் விரைவதற்கு முன், அதன்கீழ் வாழப்போகிறவர்கள் அந்த வரைவைப் படித்தார்களா, அவர்கள் மொழியில் அது அவர்கள் கைக்கு வந்ததா, அவர்கள் சொன்னது ஏற்கப்பட்டதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்கும் வழக்கத்தை நம்மிடையே வளர்த்துக்கொள்வோம்.

ஒரு காலத்தில் இம்மண்ணின் மனிதர்களிடம் அரசு கேட்டது ஒரு விரலின் ரேகையை மட்டுமே. ரேகை யார் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதைச் சொல்ல வாய் வேண்டும். அந்த வாய்க்கு மன்றத்தில் இடம் வேண்டும். அவ்விடம் கிடைக்காத எந்தச் சட்டமும், எத்துணை நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டாலும், யாரோ ஒருவரைச் சாவடியில் படுக்க வைத்துவிடும் என்பதைப் பள்ளத்தாக்கின் வரலாறு நமக்கு உணர்த்தி நிற்கிறது.